யந்திரம் நெஞ்சைப் பார்க்கிறது; தூசியை யார் பார்ப்பது?

எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, "இங்கே நிழல் தெரிகிறது, அங்கே ஓட்டை விழுந்திருக்கிறது" என்று டாக்டர் சொல்வதைத்தான் நாம் இதுவரை கண்டிருக்கிறோம். இன்று அந்த வேலையில் ஒரு பகுதியை யந்திரம் ஏற்றுக் கொண்டுவிட்டது. செயற்கை நுண்ணறிவு என்று அதற்குப் பெயர். படம் எடுத்து முடிந்த ஒரு நிமிஷத்துக்குள் கம்ப்யூட்டர் அதைப் படித்து, சந்தேகத்துக்குரிய இடத்தில் குறி போட்டுக் காட்டுகிறது. காசநோய் இருக்கக்கூடுமா என்பதற்கு இத்தனை என்று மார்க்கும் போட்டுக் கொடுக்கிறது.

15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் காசநோயைத் தேடும் பணியில், டாக்டருக்குப் பதிலாக இந்த யந்திரத்தைக் கொண்டே படத்தைப் படிக்கலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2021 மார்ச்சில் சிபாரிசு செய்தது. 2024 டிசம்பர் 7ந் தேதி மத்திய சர்க்கார் தொடங்கிய நூறு நாள் காசநோய் இயக்கத்தில், கையில் தூக்கிச் செல்லக்கூடிய சிறு எக்ஸ்ரே பெட்டியும் இந்த யந்திரமும் சேர்ந்தே கிராமங்களுக்குப் போயின.

இதை நாம் வரவேற்கிறோம். யந்திரம் என்றாலே சந்தேகப்படுவது தொழிலாளி வர்க்கத்தின் குணமல்ல. யந்திரத்தோடு யந்திரமாக வாழ்கிறவன் தொழிலாளி. யந்திரம் யாருக்காக ஓடுகிறது, அதன் பலன் யார் கைக்குப் போகிறது என்பதுதான் என்றைக்கும் அவன் கேட்ட கேள்வி. நுரையீரலைப் பார்க்கும் யந்திரத்தைக் குறித்தும் அதே கேள்வியை நாம் கேட்கிறோம். அத்திப்பட்டில் நின்று கொண்டு கேட்கிறோம்.

விஞ்ஞானம் ஏழையின் நண்பன்

இந்தக் கருவி எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். இருமல் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போனால் போதாதா?

போதாது. 2019 முதல் 2021 வரை நாடு முழுவதும் காசநோய் பற்றி ஒரு பெரிய கணக்கெடுப்பு நடந்தது. அதில் கண்டுபிடிக்கப்பட்ட நோயாளிகளில் 100க்கு 42 பேருக்கு மேல், எக்ஸ்ரே எடுத்ததனால் மட்டுமே அகப்பட்டனர். இருமல், காய்ச்சல் என்று விசாரித்து மட்டும் விட்டிருந்தால் இவர்கள் கணக்கில் வந்திருக்கவே மாட்டார்கள். நோய் உள்ளே இருந்தபடி அரித்திருக்கும். வீட்டில் உள்ள குழந்தைகளுக்கும் பரவியிருக்கும். உலகத்தில் காசநோய் காண்பவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இந்தியர். இத்தனை பேரின் படங்களையும் உடனுக்குடன் படித்துச் சொல்ல, நம் தாலுகா ஆஸ்பத்திரிகளில் எக்ஸ்ரே நிபுணர்கள் எங்கே இருக்கிறார்கள்? படம் இன்று, ரிப்போர்ட் அடுத்த வாரம் என்றால், ஒரு நாள் கூலியை இழந்து வந்த விவசாயத் தொழிலாளி மறுபடி வருவாரா? அந்த இடத்தில் இந்த யந்திரம் மெய்யாகவே உதவுகிறது.

காசநோய்க்கு எதிரான போரில் சென்னைக்குப் பழைய பெருமை ஒன்று உண்டு. 1956ல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்து சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. அதுவரை சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தால்தான் காசநோய் தீரும் என்று உலகமே நம்பியது. ஏழைக்கு ஏது சானடோரியம்? சென்னை நகரின் ஏழை நோயாளிகள், தங்கள் வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டுக் குணமடையலாம் என்பதை அந்த நிலையத்தின் ஆராய்ச்சி நிரூபித்தது. 1959ல் அதன் முடிவு வெளியாயிற்று. உலகம் தன் வைத்திய முறையை மாற்றிக் கொண்டது. கருவி ஏழையின் பக்கம் நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு நம் ஊரே சாட்சி.

டாக்டருக்குக் கைகொடுக்கும் ரோபோவும் வந்துவிட்டது. சென்னை ஓமந்தூரார் சர்க்கார் ஆஸ்பத்திரியில் 2022 மார்ச் மாதம், சுமார் 35 கோடி ரூபாய் செலவில் ரோபோ அறுவை சிகிச்சைப் பிரிவு திறக்கப்பட்டது. மூச்சுக் குழாய் வழியே மெல்லிய குழாயை நுழைத்து, நுரையீரலின் ஆழத்திலுள்ள கட்டியில் துளி சதை எடுத்து வரும் ரோபோ 2018, 2019 முதல் அமெரிக்காவில் அனுமதி பெற்றுப் புழக்கத்தில் இருக்கிறது. டாக்டரே அதை இயக்குகிறார். ரோபோவின் கை நடுங்குவதில்லை, அவ்வளவுதான். இவையெல்லாம் நல்லவையே. ஆனால் வியாதி முற்றிய பின் வரும் உதவி இது. வியாதியின் வாசலுக்குப் போவோம்.

அத்திப்பட்டின் நெஞ்சுக்குள்

அத்திப்பட்டில் வடசென்னை அனல் மின் நிலையம் 1994 முதல் மின்சாரம் உற்பத்தி செய்கிறது. முதல் கட்டத்தில் 630 மெகாவாட். இரண்டாம் கட்டத்தில் 1,200 மெகாவாட். பக்கத்தில் வல்லூர் அனல் மின் நிலையம், 1,500 மெகாவாட். இவற்றுக்கெல்லாம் நிலக்கரி வந்து இறங்கும் எண்ணூர்த் துறைமுகம், இன்று காமராஜர் துறைமுகம், 2001ல் திறக்கப்பட்டது. எரிந்த கரியின் சாம்பல் குழாய் வழியே ஓடிச் சாம்பல் குட்டையில் விழுகிறது. குழாய் உடைந்தால் கொசஸ்தலை ஆற்றில் விழுகிறது. காற்றடித்தால் செப்பாக்கம் வீடுகளின் சோற்றுத் தட்டில் விழுகிறது.

இந்தத் தூசிக்கு ஒரு சரித்திரம் உண்டு. முன்பு சென்னைத் துறைமுகத்தில்தான் நிலக்கரியும் இரும்புத் தாதும் குவிந்து கிடந்தன. ராயபுரத்து ஜனங்கள் கரித்தூசியைச் சுவாசித்து வாழ்ந்தார்கள். வழக்கு ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. 2011 மே மாதம் பிறந்த உத்தரவின்படி, அந்த ஆண்டு அக்டோபர் 1ந் தேதி முதல் சென்னைத் துறைமுகத்தில் அந்தச் சரக்குகளைக் கையாள்வது நின்றது. ராயபுரம் பெருமூச்சு விட்டது. அது நியாயமான வெற்றி. ஆனால் கரி எங்கே போயிற்று? எண்ணூருக்குப் போயிற்று. தூசி ஒழியவில்லை, வடக்கே குடிபெயர்ந்தது. ராயபுரத்துக்கு ஆகாத தூசி அத்திப்பட்டுக்கு மட்டும் எப்படி ஆகும் என்று யாரும் பதில் சொல்லவில்லை.

இந்தத் தூசியில் நிற்கிறவர் யார்? கன்வேயரின் அடியில் சிதறிய கரியை வாரிக் கொட்டுகிறவர், பாய்லரைச் சுத்தம் செய்கிறவர், சாம்பலை லாரியில் ஏற்றுகிறவர். இவர்களில் மிகப் பெரும்பாலோர் காண்டிராக்ட் தொழிலாளர். உள்ளூர்க்காரரும் உண்டு, பீகாரிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பிழைப்பு தேடி வந்தவரும் உண்டு. கரித்தூசி நுரையீரலில் படிந்தால் அதற்கொரு நோய் உண்டு. சாம்பலிலும் மணலிலும் கல்லிலும் உள்ள சிலிகா படிந்தால் சிலிகோசிஸ் என்ற நோய் உண்டு. ஒருமுறை பற்றிவிட்டால் சிலிகோசிஸைக் குணமாக்க மருந்து கிடையாது. சிலிகோசிஸ் பற்றிய நெஞ்சில் காசநோய் எளிதாகப் புகுந்து கொள்கிறது என்பதும் விஞ்ஞானம் கண்ட உண்மை.

யந்திரத்திடம் கேட்காத கேள்வி

இப்போது விஷயத்துக்கு வருவோம். அத்திப்பட்டுக்கு எக்ஸ்ரே வண்டி வருகிறது என்று வைத்துக் கொள்வோம். பத்து வருஷம் சாம்பல் ஏற்றிய தொழிலாளி அதன் முன் நிற்கிறார். யந்திரம் அவர் படத்தைப் படிக்கிறது. அதனிடம் திட்டம் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "காசநோயா, இல்லையா?" காசநோய் இல்லை என்றால், "போய் வா" என்று அனுப்பிவிடுவார்கள். நெஞ்சில் படிந்த தூசி யார் கணக்கிலும் ஏறாது. மார்பிலுள்ள வேறு கோளாறுகளையும் சுட்டிக் காட்டும் யந்திரங்கள் உண்டு. ஆனால் கேட்காத கேள்விக்கான பதிலை யார் எழுதி வைக்கப் போகிறார்கள்?

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். தூசி நோயின் நிழலைக் காசநோயின் நிழல் என்று எண்ணிவிடுவது நம் நாட்டில் நெடுங்காலமாக நடந்து வரும் தவறு. கல் குவாரித் தொழிலாளர் எத்தனையோ பேர் காசநோய் மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கி, குணம் காணாமல் மாண்டிருக்கிறார்கள். மனிதன் செய்த அதே தவறை யந்திரமும் செய்யும். ஏனெனில் அது மனிதன் குறி போட்டுக் கொடுத்த ஆயிரக்கணக்கான, லட்சக்கணக்கான பழைய படங்களைப் பார்த்தே பாடம் கற்கிறது. எந்த நோயைக் காட்டிப் பழக்கினார்களோ அந்த நோயைத்தான் காணும். 2018ல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சி ஒரு வேடிக்கையைக் கண்டுபிடித்தது. நிமோனியாவைக் கண்டுபிடிக்கப் பழக்கிய யந்திரம், படம் எந்த ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது என்பதையும் அடையாளம் கண்டுகொண்டு, அதை வைத்தே நோயை ஊகிக்கப் பழகியிருந்தது! புது ஆஸ்பத்திரிப் படத்தைக் கொடுத்ததும் அதன் திறமை குறைந்தது.

ஆலைத் தொழிலாளருக்கு இன்னொரு எச்சரிக்கை. பஞ்சுத் தூசியால் வரும் பைசினோசிஸ் என்ற நோய் எக்ஸ்ரேயில் தெரியாது. வார லீவு முடிந்து முதல் நாள் வேலைக்கு வந்ததும் நெஞ்சு இறுகும். வாரம் போகப் போகக் குறையும். வருஷங்கள் கழிந்தால் எந்நாளும் இறுகும். இதைக் கண்டுபிடிக்க, குழாயில் ஊதச் சொல்லி மூச்சின் பலத்தை அளக்க வேண்டும், "திங்கட்கிழமை எப்படி இருக்கிறது?" என்று மனிதன் மனிதனிடம் கேட்க வேண்டும். அப்படியே, பூஞ்சை பிடித்த வைக்கோலைக் கையாள்வதால் நெஞ்சுநோய் காணும் விவசாயத் தொழிலாளியையும், விறகுப் புகையில் ஆயுள் முழுவதும் சமைத்து மூச்சு வாங்கும் தாய்மார்களையும், படத்தை மட்டும் நம்பினால் தவறவிட்டு விடுவோம்.

ஆகவே வண்டியில் யந்திரம் இருந்தால் போதாது. "என்ன வேலை செய்கிறீர்கள்? எத்தனை வருஷமாக? யாரிடம்?" என்று கேட்டு எழுதிக் கொள்ளும் ஆளும் இருக்க வேண்டும். அந்த மூன்று கேள்விக்குக் கோடி ரூபாய் செலவாகாது. பின் ஏன் கேட்பதில்லை? கேட்டால் தூசிக்குச் சொந்தக்காரன் யார் என்று வெளிப்பட்டு விடும்!

கோடு கிழிப்பது யார்?

யந்திரம் மார்க் போடுகிறது என்று சொன்னோம். எத்தனை மார்க்குக்கு மேல் போனால் சளிப் பரிசோதனைக்கு அனுப்புவது என்ற கோட்டை யந்திரம் கிழிப்பதில்லை, மனிதர்கள் கிழிக்கிறார்கள். கோட்டை உயர்த்தினால் சளிப் பரிசோதனைச் செலவு மிச்சம். ஆனால் சில நோயாளிகள் நழுவி விடுவார்கள். கோட்டைத் தாழ்த்தினால் நோயாளி நழுவ மாட்டார், செலவு கூடும். எனவே இது வைத்திய விஷயம் மட்டுமல்ல, பட்ஜெட் விஷயமுமாகும். அந்தந்த ஊர் ஜனங்களிடம் சோதித்துப் பார்த்தே கோட்டை நிர்ணயிக்க வேண்டும் என்பதுதான் விஞ்ஞானம் சொல்லும் முறை. வடசென்னைக்கு எந்தக் கோடு, ஏன் அந்தக் கோடு என்பதைப் பகிரங்கமாகச் சொல்ல வேண்டும்.

இன்னும் ஒன்று. முன்பே காசநோய் கண்டு தீர்ந்தவர் நெஞ்சில் தழும்பு இருக்கும். யந்திரம் அந்தத் தழும்பையும் நோய் என்று சந்தேகித்து மார்க்கைக் கூட்டிப் போடுவது உண்டு. ஆஸ்பத்திரியில் இதனால் பெரிய கெடுதல் இல்லை. சளியைப் பரிசோதித்து "இல்லை" என்று சொல்லிவிடுவார்கள். அதே மார்க் காண்டிராக்டர் கைக்குப் போனால்? வேலைக்கு ஆள் எடுக்கும் வாசலில் அதைப் பார்த்தால்? குணமான மனிதர் ஆயுளுக்கும் வேலையில்லாதவர் ஆகிவிடுவார். நிழல் தெரிந்தால் மறுநாள் கேட் பாஸ் கிடைக்காது என்ற பயம் இருக்கும் வரை, எத்தனை வண்டி வந்தாலும் தொழிலாளி ஒளிந்து கொள்ளத்தான் செய்வார். அந்தப் பயத்தைப் போக்க எந்த யந்திரத்தாலும் முடியாது. சட்டமும் சங்கமும்தான் போக்க வேண்டும்.

படத்தைப் படிப்பவன் யார் பக்கம்?

படத்தைப் படிப்பதில் பட்சபாதம் இருக்க முடியுமா என்று கேட்பவருக்கு அமெரிக்கச் சுரங்கத் தொழிலாளரின் அனுபவத்தைச் சொல்வோம். மேற்கு வர்ஜீனியாவில் 1969 பிப்ரவரியில் சுமார் 40 ஆயிரம் நிலக்கரித் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வுக்காக அல்ல. கரித்தூசியால் நுரையீரல் கெட்டவனுக்கு நஷ்டஈடு வேண்டும் என்பதே கோரிக்கை. மூன்று வாரத்தில் மாநிலச் சட்டம் பிறந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் தேச அளவிலும் சட்டம் வந்தது: தூசிக்கு அளவு, தொழிலாளிக்கு இலவச எக்ஸ்ரே, நோயாளிக்கு நஷ்டஈடு.

சட்டம் வந்த பின் கம்பெனிகள் என்ன செய்தன? படத்தைத் தங்களுக்குச் சாதகமாகப் படிப்பவரைத் தேடிப் பிடித்தன. புகழ்பெற்ற ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த ஒரு மூத்த டாக்டர், 2000க்குப் பின் 1,500க்கும் மேற்பட்ட வழக்குகளில் படங்களைப் படித்தும், ஒரு படத்தில்கூட முற்றிய கருநுரையீரல் நோய் இருப்பதாகச் சொல்லவில்லை என்பதை 2013ல் பத்திரிகையாளர்கள் அம்பலப்படுத்தினார்கள். ஆஸ்பத்திரி அந்தப் பிரிவையே நிறுத்தி வைக்க நேர்ந்தது. படம் பொய் சொல்லவில்லை. படித்தவருக்குக் கூலி கொடுத்தது யார் என்பதே கேள்வி. நாளை அதே படத்தை யந்திரம் படிக்கும்போதும், யந்திரத்துக்கு விலை கொடுத்தவர் யார் என்ற கேள்வி நிற்கத்தான் செய்யும். 1895ல் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த ராண்ட்ஜன், அது மனித குலத்துக்கு உரியது என்று கருதிப் பேடண்ட் எடுக்க மறுத்தார். அந்தக் கதிர் எடுக்கும் படத்தைப் படிப்பதற்கு இன்று கம்பெனிகள் விலை வைத்திருக்கின்றன என்பதையும் சர்க்கார் மறக்கக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

சிலிகோசிஸ், பைசினோசிஸ், கரித்தூசி நோய், ஆஸ்பெஸ்டாசிஸ் ஆகியவற்றைக் கண்டால் டாக்டர் சர்க்காருக்குத் தெரிவித்தே தீர வேண்டும் என்று 1948ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கும் தொழில் பாதுகாப்பு, சுகாதாரத் தொகுப்புச் சட்டத்திலும் அந்தக் கடமை இருக்கிறது. குறித்த வயதும் வகையும் சேர்ந்த தொழிலாளருக்கு வருஷந்தோறும் இலவச மருத்துவப் பரிசோதனை என்றும் எழுதியிருக்கிறது. ஆனால் அதே சட்டம், மின்சாரத்தால் ஓடும் தொழிற்சாலை என்பதற்கு 10 பேர் என்றிருந்ததை 20 பேர் ஆக்கிவிட்டது. காண்டிராக்ட் தொழிலாளர் விதிகளுக்கு 20 பேர் என்றிருந்ததை 50 பேர் ஆக்கிவிட்டது. ஒரு கையால் பரிசோதனையைக் கொடுத்து, மறு கையால் பரிசோதிக்க வேண்டிய ஆளையே கணக்கிலிருந்து நீக்குவது என்ன நியாயம்? சாம்பல் லாரியில் நிற்பவருக்கும் களத்து மேட்டில் நெல் தூற்றுபவருக்கும் இந்தச் சட்டம் எட்டுவதே கிடையாது.

சோறும் மருந்துதான்

படம் பார்த்தாகிவிட்டது, நோயும் தெரிந்துவிட்டது. பிறகு? ஜார்க்கண்டில் 2019 முதல் நடந்த ஆராய்ச்சி ஒன்றில், காசநோயாளிகளின் குடும்பங்களுக்கு மாதந்தோறும் தானியமும் பருப்பும் கொடுத்தார்கள். 2023ல் முடிவு வெளியாயிற்று. அரிசியும் பருப்பும் பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் காண்பது 39 சதவீதம் குறைந்தது. நுரையீரல் காசநோய் 48 சதவீதம் குறைந்தது. எந்த நுண்ணறிவும் காட்டாத வழியைச் சோறு காட்டிற்று! காசநோயாளிக்குச் சத்துணவுக்காக மத்திய சர்க்கார் கொடுப்பது மாதம் 1,000 ரூபாய். அதுவும் 2024 நவம்பரில்தான் 500லிருந்து உயர்ந்தது. நாளொன்றுக்கு 33 ரூபாய்! வேலைக்குப் போக முடியாத தொழிலாளியும் அவர் பெண்டு பிள்ளைகளும் இதில் எதைச் சாப்பிடுவது?

நாம் கோருவது

1. எக்ஸ்ரே வண்டியும் யந்திரமும் அத்திப்பட்டு, மீஞ்சூர், எண்ணூர், திருவொற்றியூர் பகுதிகளுக்குக் குறித்த முறையில் தொடர்ந்து வர வேண்டும். யந்திரம் சொன்னதை டாக்டர் பார்த்து உறுதி செய்ய வேண்டும். யந்திரம் வந்தது என்று காரணம் காட்டி ஒரு டாக்டர் பதவியையோ, ஒரு டெக்னீஷியன் பதவியையோ காலியாக வைக்கக் கூடாது.

2. பரிசோதனைக்கு வரும் ஒவ்வொருவரின் தொழிலையும், செய்த வருஷங்களையும் எழுத வேண்டும். காசநோயோடு தூசி நோயையும் தேட வேண்டும். ஊதிப் பார்க்கும் மூச்சுப் பரிசோதனையும் கூடவே நடக்க வேண்டும்.

3. படமும் முடிவும் தொழிலாளியின் கையில், அவருக்குத் தெரிந்த பாஷையில் கிடைக்க வேண்டும். அவர் சம்மதமின்றி நிர்வாகத்துக்கோ காண்டிராக்டருக்கோ போகக் கூடாது. நோயின் பெயரால் எவரையும் வேலைநீக்கம் செய்யக் கூடாது. சிகிச்சை நாட்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும்.

4. கரியும் சாம்பலும் கையாளும் இடங்களில் காற்றின் தூசியை அளந்து வாசலில் எழுதிப் போட வேண்டும். கன்வேயரை மூடுதல், தண்ணீர் தெளித்தல், தூசியை உறிஞ்சும் விசிறி அமைத்தல் ஆகியவை மூல நிர்வாகத்தின் பொறுப்பாக வேண்டும்.

5. ராஜஸ்தான் சர்க்காரின் 2019ம் வருஷக் கொள்கை, சிலிகோசிஸ் நோயாளிக்கு 3 லட்சம் ரூபாயும், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாயும் வழங்குகிறது. தமிழ்நாட்டுத் தொழிலாளியின் நெஞ்சு அதைவிட மலிவானதல்ல. காண்டிராக்ட் தொழிலாளி, வெளிமாநிலத் தொழிலாளி, விவசாயத் தொழிலாளி என்ற பேதமின்றி இங்கும் அதற்குக் குறையாத நிவாரணம் வேண்டும்.

6. காசநோய்க் குடும்பம் முழுமைக்கும் தானியமும் பருப்பும் எண்ணெயும் ரேஷன் கடை மூலம் கொடுக்க வேண்டும்.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. எக்ஸ்ரே வண்டி உங்கள் தெருவுக்கு வந்தால் ஒளிந்து கொள்ளாதீர்கள். தைரியமாகப் போய் நில்லுங்கள். காசநோய் ஆறு மாத மருந்தில் தீரக்கூடிய நோய். மறைத்தால்தான் அது கொல்லும். அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: "நான் கரி வாருகிறேன், இத்தனை வருஷமாக." "நான் பஞ்சு மில்லில் இருந்தேன்." "நான் ரைஸ் மில்லில் உமி அள்ளுகிறேன்." எழுதிக் கொள்ளும்படி வற்புறுத்துங்கள். உங்கள் படத்தைக் கேட்டு வாங்குங்கள். பக்கத்தில் நிற்கும் பீகார்த் தொழிலாளிக்குப் பாஷை தெரியாவிட்டால் அவருக்காகவும் நீங்கள் கேளுங்கள். வாங்கிய படங்களைச் சங்க ஆபீசுக்குக் கொண்டு வாருங்கள். ஒருவர் கையிலுள்ள படம் ஒருவருடைய வியாதி. நூறு பேர் படங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால் அது ஒரு கன்வேயரின் பெயரையும், ஒரு காண்டிராக்டின் பெயரையும் சொல்லும். அந்தக் கணக்கை எடுக்கும் வேலையைச் சங்கங்கள் உடனே தொடங்க வேண்டும்.